சேகர் தமிழில் கத்திய காலம்

வாய்க்கவசத்தை வெந்நீரில் போட்டால் ஒரு ரப்பர் வாடை வரும். புதிதாக வாங்கியதை அப்படி இளக வைத்துத்தான் பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். நான் அதை அம்மாவின் டீ சட்டியில் போட்டுவிட்டேன்.

"டீ சட்டியில என்னத்தடா வேகவைக்கிற? நாளைக்கு இதுலதான டீ குடிக்கணும்."

நாளைக்கு எனக்கு முதல் ப்ரோ பைட், காசுக்குப் போடும் முதல் சண்டை என்று அம்மாவிடம் சொல்லவில்லை. ஏதோ போட்டி என்று மட்டும் சொல்லியிருந்தேன்...

அப்போது எங்கள் ஜிம் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏர்கான் கிடையாது. இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சும்மா தலையை மட்டும் ஆட்டும். பகலில் சிங்கப்பூர் எல்லை தாண்டி வேலை, எல்லைப் பாலத்து ஜாமில் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரோடு வந்து மாடி ஏறுவேன். எம்எம்ஏ என்றால் என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கவே முடியாது. "குத்துச்சண்டையா, குஸ்தியா?" என்று கேட்பார்கள். இரண்டும்தான் என்றால் சிரிப்பார்கள்.

சேகர் கீழே அந்த டயர் கடையில் வேலை செய்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். அவனும் ஒருநாள் பயிற்சிக்கு வந்தான். முழங்கை பிசகியது, அதோடு சரி. ஆனால் போகவில்லை. வேலை முடிந்ததும் மேலே வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

எங்கள் கோச் சீனர். மலாயில்தான் பேசுவார். கூண்டுக்குள் நான் சண்டை போடும்போது அவர் மலாயில் கத்தினால் எதிராளிக்கும் புரிந்துவிடும். ஜொகூரில் மலாய் தெரியாதவன் யார்?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். கோச் சேகர் காதில் மெதுவாகச் சொல்வார். சேகர் அதைத் தமிழில் கத்துவான். எதிராளிகள் சீனர்கள், மலாய்க்காரர்கள், சில சமயம் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒருவனுக்கும் ஒன்றும் விளங்காது.

"அவன் வலது கை எறங்குது பாரு. அடிச்சிட்டு கீழ போ."

அவ்வளவுதான். அடித்துவிட்டுக் கீழே போய்க் காலை வாருவேன், அவன் விழுவான். நாட்கள் போகப்போக கோச் சொல்வதற்கு முன்பே சேகர் கத்த ஆரம்பித்தான். கோச்சும் சும்மா விட்டுவிட்டார். கூட்டத்தில் எத்தனை பேர் கூச்சல் போட்டாலும் அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். நான் தொடர்ந்து ஜெயித்தேன். உண்மையைச் சொன்னால், நாங்கள் ஜெயித்தோம்.

பிறகு ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் ஹாலில் அந்தப் பைட். சிங்கப்பூரிலிருந்து சண்டைப் போட்டி நடத்தும் பெரிய நிறுவனத்து ஆள் ஒருவர் பார்க்க வந்திருந்தார். ஜெயிப்பவனுக்கு ஒப்பந்தம். எல்லை தாண்டும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சண்டைதான் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

எதிராளி ஆ செங், சீனப் பையன். போஸ்டரில் கோலாலம்பூர் ஜிம் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

முதல் ரவுண்டிலேயே எதுவோ சரியில்லை. சேகர் "வலது கை எறங்குது" என்றால், இறங்கிய கை உடனே ஏறிவிடும். "மூச்சு வாங்குறான், அழுத்து" என்றால், அவன் விலகிப்போய் மூச்சு விடுவான். இடைவேளையில் கோச் சொன்னார், பையன் கெட்டிக்காரன் என்று. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

இரண்டாவது ரவுண்டில் சேகர் தொண்டை கிழியக் கத்தினான். "காலுக்குப் போ டா, காலுக்குப் போ."

போனேன். என் கழுத்துக்காக ஒரு கை அங்கே தயாராகக் காத்திருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தோல்வியை ஒப்புக்கொண்டு தரையில் தட்டிவிட்டேன்.

உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தபோது, கண்ணில் ஐஸ் வைத்துக்கொண்டு ஆ செங் உள்ளே வந்தான்.

"அண்ணே, கழுத்து வலிக்குதா?"

எங்களைவிட நல்ல தமிழ்.

"நான் காஹாங் ஆளுதான் லா. எங்கப்பா எஸ்டேட்ல மளிகைக்கடை வச்சிருந்தாரு. லயத்துத் தமிழ்ப் பசங்களோடதான் வளந்தேன். மன்னிச்சுக்குங்க அண்ணே, இவரு சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆ செங் சிரித்தான், விஷயம் தெரிந்ததும் கோச்சும் சிரித்தார். சேகர் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தான்.

அடுத்த பைட்டுக்குச் சேகரைக் கூப்பிட்டேன். "நான் வரல டா. என் வாயாலதான் உன் கான்ட்ராக்ட் போச்சு."

எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. கேட்டால்தானே... கொஞ்ச நாளில் அவனும் சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டான். நான் இன்னும் சில பைட் போட்டேன். சிலதில் ஜெயித்தேன், பலதில் தோற்றேன். கூட்டத்துக் கூச்சலுக்கு நடுவே ஒரு குரலைத் தேடித்தேடியே அடி வாங்கியிருக்கிறேன். முட்டி போனதும் விட்டுவிட்டேன்.

இப்போது ஏர்கான் ஜிம்மில் நான்தான் கோச். என்னிடம் பழகுகிறவர்கள் எதிராளியின் ஊர், வயது, பழைய சண்டை எல்லாம் போனிலேயே பார்த்துவிட்டு வருகிறார்கள். நாங்கள் அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஆ செங் தீபாவளிக்குத் தவறாமல் போன் செய்து "பலகாரம் எங்க அண்ணே?" என்கிறான். என்னைத் தோற்கடித்தவன் நண்பனாகிவிட்டான்.

சேகர் அடுத்த தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறான். பார்த்தால் பேசுவோம். பாலத்து ஜாம், கார், பிள்ளைகள் படிப்பு. சண்டை பற்றி மட்டும் பேச்சே வராது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர் சேகரிடம் கேட்டார், "நீங்கதான் இவரு சண்டைக்கு கார்னர்ல நின்னு சொல்லிக்குடுப்பீங்களாமே?"

"அதெல்லாம் இல்ல லா. நான் சும்மா பாக்கத்தான் போவேன்."

இல்லை, நான் ஜெயித்ததெல்லாம் இவன் சொல்லித்தான் என்று அந்த மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் பாயசம் வாங்க எழுந்து போய்விட்டான்.