கடையில் கேட்ட கிருமி

டாக்டர் அம்மா. என் மனைவி செல்வி. ராஜன் மேஸ்திரி. நான். அறையில் நாலு பேர். என் குடலில் குடியிருப்பவர்களை அன்றைக்கு நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மேஸ்திரி ஏன் வந்தார்? நான் பெயிண்டர். பிழைக்க வந்த மலையாள ஊரான கரமனையில் நாலு மாடிக் கட்டிடம், வெளிச்சுவர் வேலை. சாரத்தில் நிற்க வேண்டும். வயிறு முறுக்கினால் இறங்கி ஓட வேண்டும். ஏழு மாதமாக இந்த ஓட்டம். இவனை மேலே ஏற்றலாமா, கூடாதா... டாக்டர் வாயால் கேட்க வந்தார். கூடாது என்றால் வேறு ஆள்.

டெஸ்ட்டில் புண் இல்லை, கட்டி இல்லை.

"இது ஐ.பி.எஸ். ஆணு," என்றார் டாக்டர்.

"ஏலே, போலீஸ் உத்தியோகம் கெடச்சிட்டு ஒனக்கு," என்றார் மேஸ்திரி. குடல் எரிச்சல் நோய்க்கு இங்கிலீஷில் அதுதான் சுருக்கப் பெயராம்.

செல்வி பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தாள். டாக்டர் ஒன்றைப் புரட்டினார்.

"கடையில் எந்து பறஞ்ஞு வாங்கி?"

"வயித்துல கிருமின்னு சொன்னோம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மலையாளத்தில் கிருமி என்றால் வயிற்றுப் பூச்சியாம். கடை மாற்றிக் கடை வாங்கியது எல்லாம் பூச்சி மாத்திரை. கேட்டதைத்தானே கொடுப்பார்கள்? இல்லாத பூச்சியை ஏழு மாதம் கொன்றிருக்கிறேன்.

"அப்ப, நாங்க சொல்ற கிருமி இல்லையா டாக்டர்?" — செல்வி.

"உண்டு. கோடிக்கணக்கில். எனக்கும் உண்டு. கொல்லண்டா... வளர்த்தணும்."

கொல்ல வேண்டாமாம்; நல்ல கிருமிகள்தான் செரிக்க உதவுகின்றனவாம். இந்த நோய்க்காரர் பலருக்கு அந்தக் கூட்டம் கலைந்துபோய் இருக்கும். அது ஒன்றே காரணம் இல்லை, பயமும் குடலைப் பிசையும் என்றார்.

நான் பயந்து காலையில் பட்டினியாக ஏறுகிறவன். அதை நிறுத்தச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பாடு. ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு மோர் ஒத்துக்கொண்டது. பால் சாயா இல்லை. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

"சாரத்துல ஏத்தலாமா டாக்டர்?" — மேஸ்திரி.

"ஒரு மாசம் கழிஞ்ஞு நோக்காம்."

வெளியே வந்ததும் மேஸ்திரி சொன்னார்: "ஒரு மாசம் கீழ நின்னு ஜன்னல் கம்பிக்கு பெயிண்ட் அடி. வேற ஆளு போட மாட்டேன்."

உள்ளே ஏதோ இருக்கிறது என்றாலே நமக்குக் கொல்லத்தான் தோன்றுகிறது. அதற்கு ஒரு மாத்திரை போதும். வளர்க்கத்தான் பொறுமை வேண்டும்.

மாதம் முடிந்து டாக்டர் சரி என்றார்; போன திங்கட்கிழமை மறுபடி சாரத்தில் ஏறினேன். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான். மதியச் சோற்றுக்குத்தான் இறங்கினேன்.

மேலே நின்றது, நாலரை மணி நேரம்.