நான் எடுத்துவிட்ட வேக வரம்பு

தஞ்சாவூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். வயல் சேற்றில் நடக்கும் நாலு கால் ரோபோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். சேற்றில் இறக்குவதற்கு முன் அதை ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்ப்போம். அதன் நடை ஒரே சீராக இருக்காது. அதனால் முன்பக்கம் ஒரு சென்சார் வைத்திருந்தோம். ரோபோ கிட்டே வந்தால் பெல்ட் வேகமாக ஓடும், பின்தங்கினால் மெதுவாகும்.

என்னோடு வேலை பார்த்தவர் கூத்தாநல்லூர்க்காரர். இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவேன்.

சென்சார் தந்த அளவு நிலையாக இல்லை. ரோபோ காலைத் தூக்கினாலே முழு உடம்பும் நகர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். பெல்ட் திடீரென்று வேகமெடுக்கும். உடனே நாங்கள் வைத்திருந்த வேக வரம்பு மோட்டாரை நிறுத்திவிடும். மறுநாள் வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. எரிச்சலில் அந்த வரம்பை எடுத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அன்று மதியம் ஓட்டும்போது ரோபோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அக்கா குனிந்து அதைப் பிடித்தார். அவர் கை சென்சாருக்கு முன்னால் வந்ததும், ரோபோதான் முட்ட வருகிறது என்று பெல்ட் பாய்ந்தது. ரோபோவோடு அவர் கையையும் இழுத்துக்கொண்டு போய்ப் பின் உருளையில் சிக்கவைத்தது.

மோதிர விரல் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில், அக்கா அத்தா என்று கூப்பிடும் அவருடைய அப்பா, "என்ன தம்பி ஆச்சு?" என்று கேட்டார்.

"மெஷின் கோளாறுங்க."

"நீங்க எதாவது சாப்பிட்டீங்களா?" என்றார் அவர்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையை உள்ள விட்டிருக்க மாட்டேனே" என்றார். பிறகு, "அத்தாகிட்டயும் நீயே சொல்லிடு. என்னால முடியாது."

சொன்னேன். அத்தா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கல்லூரியிலும் எழுதிக் கொடுத்தேன். அந்த வேலையிலிருந்து என்னை நீக்கினார்கள், அது நியாயம்தான். அக்கா மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, சென்சார் தரும் அளவுகளைச் சராசரி பார்த்துப் பெல்ட்டை நிதானமாக ஓட்டும்படி ப்ரோகிராம் முழுவதையும் மாற்றி எழுதினார். ஒரு நாள் வீடியோ அனுப்பினார். ரோபோ பெல்ட்டின் நடுவிலேயே, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில், குறைந்த விரலோடு அவர் கை மேசைமேல் இருந்தது.

"நல்லா இருக்குக்கா" என்று எழுதினேன். "சரி" என்று பதில் வந்தது.

இப்போதும் எப்போதாவது பேசிக்கொள்கிறோம், வேலையைப் பற்றி மட்டும்.