அஸ்டன் கேட்ட மேசை

அஸ்டனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. டொராண்டோவில் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுப்பது அவர் வேலை. ஐம்பது வயது வரை அக்கா மெர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கேயும் போனார். மெர்லீனின் பேக்கரியில் மாவு பிசைவது நான்.

புது ரயில் பாதை வந்தபோது நிலையங்கள் எல்லாம் ஒரே அச்சில் எழும்பின. உள்ளே நுழைந்தால் நேரே டிக்கெட் வாசல். அதைத் தாண்டினால் வலக்கைப் பக்கம் படிக்கட்டு. அஸ்டன் ஒன்றைத்தான் கற்றுக்கொண்டார், மற்றவை தாமாக வந்துவிட்டன. ஒரு நாள் வேலை முடிந்து, யாரிடமும் சொல்லாமல் ஏரிக்கரை வரை போய்வந்தார். மெர்லீன் திட்டிய திட்டைக் கேட்டு, ரொட்டி வாங்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

கடைசியாகக் கட்டவிருந்தது எங்கள் தெரு நிலையம். ஜமைக்காக்காரர்கள் நிறைந்த தெருவாயிற்றே, உங்கள் விருப்பம் என்ன என்று ரயில் அலுவலகம் கேட்டது. பனிக்காலத்தில் உட்கார்ந்து டாமினோ ஆட நடுக்கூடத்தில் ஒரு மேசை வேண்டும் என்று முதலில் சொன்னவர் அஸ்டன்தான். காய்களின் புள்ளிகளை விரலால் தடவி ஆடுவார். மேசை அதிர அவரைப் போல் காயை ஓங்கி அடிக்க ஆளில்லை. தெரு முழுவதும் அவர் பக்கம் நின்றது.

பிப்ரவரியில் தேவாலயக் கூடத்துக்கு அட்டையில் செய்த மாதிரி நிலையம் வந்தது. அஸ்டன் இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். மேசை கையில் பட்டது, சிரித்தார். பிறகு விரல் வலப்பக்கம் போய்த் தேடியது.

"படி எங்கேம்மா?"

"மேசைக்காக இடப்பக்கம் மாத்தியிருக்கோம் சார்," என்றார் அலுவலகப் பெண். "வாசலும் கொஞ்சம் தள்ளிப் போகுது."

"மேசையைச் சுவரோரமாப் போட்டா?"

"அங்கே தீயணைப்புச் சாமான் வரணும். மேசை வேணும்னா இப்படித்தான். இல்லேன்னா மத்த நிலையம் மாதிரியே இருந்துரும். இன்னிக்கே முடிவு சொல்லணும்."

அஸ்டன் கையை எடுக்கவில்லை.

"ஒரு படிக்கட்டுதானேடா, பழகிக்கோ," என்றார் அவரோடு ஜோடி சேர்ந்து ஆடும் முடிவெட்டுக்காரர் ஃபிட்ஸ்ராய்.

"அவசரத்துல கால் பழைய பக்கம்தான் போகும் ஃபிட்ஸ்."

"அப்போ எதுக்குடா மேசை கேட்டே?"

"வேணும்னுதான் கேட்டேன். இப்பவும் வேணும்."

"கல்யாணம் வேணும், பொண்ணு வேணாங்கிறான்," என்றாள் மெர்லீன். கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "வாயைத் திறந்து ஒண்ணு சொல்லுடா."

அட்டை மேசையை இன்னொரு முறை தடவிவிட்டு, "மேசை வேணாம்," என்றார் அஸ்டன். சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கேட்டவரே வேண்டாம் என்ற பிறகு மேசைக்கு ஆதரவாக எதற்குக் கை தூக்குவது என்று யாருக்கும் புரியவில்லை. அலுவலகப் பெண் அட்டை மேசையைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டார். எப்போதும் அஸ்டனை வீடுவரை கொண்டுவிடும் ஃபிட்ஸ்ராய் தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டார்.

மெர்லீன் கையை நீட்டினாள். "விடு அக்கா, நானே வர்றேன்."

கூட்டத்தில் நாற்காலிகள் கண்டபடி இழுபட்டுக் கிடந்தன. அஸ்டன் இரண்டு அடி வைத்து நின்றார். "கதவு எந்தப் பக்கம்?"

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த நான் கையை நீட்டிக் காட்டினேன். பிறகுதான் உறைத்தது. "இடப்பக்கம்," என்றேன்.

"உனக்கா, எனக்கா?"

எதிரெதிரே நின்றிருந்தோம். எனக்கே குழம்பிவிட்டது. அவர் பக்கத்தில் போய், அவர் பார்த்த திசையிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.