பலகைக்குள் கிடந்த இரும்பு

ரெட்டியார்பாளையம் லூர்துநாதனை ஊரில் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். பெரிய யுத்தத்துக்காகப் பிரான்சுக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பியவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் ஒரு நாளும் துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவரில்லை. போர்முனைக்குப் பின்னால், காட்டில் மரம் அறுக்கிற படையில் அவரைச் சேர்த்திருந்தார்கள். பதுங்குகுழிக்கு முட்டுக் கொடுக்கவும் சேற்றில் பாதை போடவும் தினம் தினம் பலகை தேவைப்பட்டது. அங்கேதான் பட்டை ரம்பம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இரண்டு பெரிய சக்கரங்களின் மேல் நாடாவைப் போலச் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை அது.

ஊருக்கு வந்த சில வருஷங்களில் ஹிதாயத்துல்லா பாய் தம்முடைய மரவாடிக்கு அப்படி ஒரு ரம்பம் வரவழைத்தார். ஓட்டுவதற்கு ஆள் தேடியபோது லூர்துநாதன் தானாகவே போய் நின்றார். அன்றிலிருந்து அவருடைய இடம் அந்த ரம்பத்தின் முன்னால்தான். வேலை சுத்தம், பேச்சு குறைவு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யாராயிருந்தாலும் விடமாட்டார். ரம்பம் ஓடும்போது அதன் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. பாயே வந்து நின்றாலும் இஞ்சினிலிருந்து வரும் பெல்ட்டைத் தள்ளி ரம்பத்தை நிறுத்திவிட்டு, அவர் நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பாய் முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டது.

1934ஆம் ஆண்டு பிப்ரவரியில் சூசைநாதன் மரவாடிக்கு வந்தார். ஆர்மோனியம் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், சில வருஷமாக மாந்தோலின் என்கிற தந்தி வாத்தியமும் செய்யத் தொடங்கியிருந்தார். இரண்டு மாந்தோலினுக்கு முதுகுப் பலகை தேடி வந்தவரின் கண்ணில், கொட்டகையின் கோடியில் தூசி படிந்து கிடந்த நான்கு பலகைகள் பட்டன. ஒரு பிரெஞ்சு வியாபாரி அலமாரி செய்வதற்காகத் தன் தேசத்திலிருந்து வரவழைத்து, செய்யாமலே ஊருக்குப் போய்விட்டான். பாய் அதை அக்ரூட்டு மரம் என்றார். நகத்தால் கீறி மோந்து பார்த்த லூர்துநாதன் மட்டும் "நுவாயே" என்று பிரான்சில் அதைச் சொல்லும் பெயரைச் சொன்னார்.

நல்ல பலகையாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் கனம், ஒரு சாணுக்கு மேல் அகலம். அதைக் குப்புறப் போட்டு அறுத்தால் வாத்தியத்துக்கு ஆகாது. விளிம்பில் நிறுத்தி, கனத்தைப் பிளந்து, ஏடு ஏடாக எடுக்க வேண்டும். அடுத்தடுத்து வந்த இரண்டு ஏடுகளைப் புத்தகம் போல விரித்து நடுவில் ஒட்டினால், இடப்பக்கத்து ரேகை வலப்பக்கத்திலும் அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போல வரும். அந்த அழகுக்காகத்தான் இத்தனை பாடு.

லூர்துநாதன் அவசரப்படவில்லை. புதிதாகப் பல் கூராக்கிய பட்டையை மாட்டினார். ஒவ்வொரு பட்டையும் கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வேண்டாத கட்டை ஒன்றை விட்டுப் பார்த்து, அந்த இழுப்புக்கு ஏற்றபடி, பலகை சாய்ந்து ஓடும் அணைக் கட்டையைத் திருப்பி முடுக்கினார். பிறகு பலகையை நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாகத் தள்ளினார். சாம்பல் நிறத்துப் பலகைக்குள்ளிருந்து காப்பிக்கொட்டை நிறத்தில் தூள் கொட்டியது. முதல் இரண்டு ஏடுகள் பழுதில்லாமல் வந்தன. சூசைநாதன் அவற்றை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஏடு பாதிக்கு மேல் போயிருக்கும். ரம்பத்தின் சத்தத்தில் ஊசி முனையளவு ஒரு மாறுதல் கேட்டது. சூசைநாதனுக்குக் கேட்கவில்லை. லூர்துநாதன் அந்த நிமிஷமே கையை எடுத்து, பெல்ட்டைத் தள்ளி ரம்பத்தை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க, அண்ணே? நல்லாத்தானே போயிட்டிருந்துது."

"உள்ள இரும்பு இருக்கு."

"ஆணியா?"

லூர்துநாதன் பலகையை வெளியே இழுத்து, அறுத்த வாயில் உளியை வைத்துத் தட்டிப் பிளந்தார். கட்டைவிரல் நகத்தளவு இரும்புத் துண்டு ஒன்று மரத்துக்குள் பொதிந்திருந்தது. அதைச் சுற்றி மை கொட்டியது போல மரம் கறுத்திருந்தது. ஆணி அல்ல என்பது சூசைநாதனுக்கே தெரிந்தது. நான்கு பக்கமும் கிழிந்த விளிம்பு. எப்போதோ வெடித்த குண்டின் சில்லு. அதை விழுங்கிய மரம் மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கிறது.

பட்டையில் இரண்டு பல் போயிருந்தது, அவ்வளவுதான். லூர்துநாதன் வேறு பட்டை மாட்டி, பலகையின் மறுமுனையிலிருந்து அறுத்துப் பார்த்தார், அங்கேயும் கறுப்பு ஓடியிருந்தது. இரண்டு மாந்தோலினுக்கு வந்தவர் ஒன்றுக்கு மட்டும் ஏடு எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு லூர்துநாதன் ஆயில் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஏதோ என்று நினைத்து பாய் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

மனைவி ஞானமேரியிடம் அன்றைக்குத்தான் அவர் அதைச் சொன்னார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் சொல்லாதது.

பிரான்சுக் காட்டில் அவரோடு ரம்பத்தில் இருந்தவர் உழவர்கரை பாவாடை. நாலு வயது மூத்தவர், ஒரே கப்பலில் போனவர். 1918 ஏப்ரலில் ஒரு நாள், ஓக்கு மரம் ஒன்றை லூர்துநாதன் தள்ளிக்கொண்டிருந்தபோது இதே சத்தம் கேட்டது. பாதித் தூரம் போன கட்டையை நிறுத்தலாமா என்று யோசித்தார். லாரி காத்திருக்கிறது என்று வேலை வாங்கும் கப்பொரால் கத்திக்கொண்டிருந்தான். தள்ளினார். பட்டை அறுந்து பக்கவாட்டில் பாய்ந்தது. அங்கே, பலகையை வாங்குவதற்காகப் பாவாடை நின்றுகொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் பாவாடையின் மனைவி பார்வதியிடம் லூர்துநாதன் வேறு விதமாகச் சொன்னார். குண்டு விழுந்தது, ஒரே நொடி, வலியே தெரியவில்லை என்று. அவளுடைய நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னதாக அவரே நம்பிவிட்டார். வருஷா வருஷம் பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்துவிட்டு வருவார்.

ஞானமேரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூர்துநாதன் உழவர்கரைக்கு நடந்தார். பார்வதி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நெல் குத்திக் கொடுத்து மகள் லட்சுமியை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவள். பொங்கல் முடிந்து இத்தனை சீக்கிரம் அவரை எதிர்பார்க்கவில்லை. உட்காரச் சொன்னாள். அவர் நின்றபடியே சொன்னார்.

"அண்ணி, பாவாடை அண்ணன் குண்டு விழுந்து சாவல. நான் ஓட்டின ரம்பம் அறுந்துதான் செத்தாரு."

சத்தம் கேட்டதையும், கேட்டும் தள்ளியதையும் மறைக்காமல் சொன்னார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஒடம்பு முழுசா இருந்துதா?"

"இருந்துது, அண்ணி. நான்தான் தொடச்சி, துணி மாத்திப் பொதச்சேன்."

குண்டு என்று கேட்ட நாளிலிருந்து புருஷன் உடம்பு சிதறிப்போனதாகத்தான் நினைத்திருந்ததாகவும், கனவில் தான் ஒரு கூடையை வைத்துக்கொண்டு வயல் வரப்பெல்லாம் பொறுக்கிக்கொண்டு திரிவதாகவும் சொன்னாள். பிறகு, உடனே உயிர் போய்விட்டதா என்று கேட்டாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்றார் லூர்துநாதன்.

"பேசினாரா?"

பேசினார். உப்பில்லாத சூப்பைத் திட்டினார். நர்ஸ் 'பவாதே' என்று கூப்பிடும்போதெல்லாம், அந்த நிலைமையிலும், பாவாடை என்று திருத்தினார். மழைக்கு முன்னால் கூரை மாற்றினாளோ இல்லையோ என்றார். கிணற்றின் மூன்றாம் படி வழுக்கும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாமென்று அவளிடம் சொல்லச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது.

"உன்னை ஒண்ணும் சொல்லலியா?"

"திட்டினாரு. மொத நாளு பூரா திட்டினாரு. அப்புறம் தண்ணி கேட்டாரு."

அவள் தெருப்பக்கம் திரும்பி, முறத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்தாள். அழவில்லை. திரும்பியபோது, பதினைந்து வருஷமாக அவரைக் கூப்பிட்டு வந்த 'தம்பி' அவள் பேச்சில் இல்லை.

"ரம்பம் அறுந்தது உன் கையில இல்லன்னுகூட வெச்சிக்கலாம். அந்த மூணு நாளு எனக்குச் சேர வேண்டியது. அதை நீயே வெச்சிக்கிட்ட."

அவள் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். யுத்தம் முடிந்த வருஷம் மேரியிலிருந்து, அதாவது நகராட்சியிலிருந்து வந்த மரணச் செய்தி. அதிலிருக்கும் தேதியும் அவர் சொன்ன தேதியும் ஒத்துப்போகவில்லை என்று அவர் ஊர் திரும்பிய வருஷமே ஒருவர் படித்துச் சொல்லியிருக்கிறார். காகிதத்தில்தான் தப்பு, கூட இருந்தவர் சொல்வதுதான் சரி என்று அவள் லூர்துநாதன் சொன்ன நாளிலேயே படையல் போட்டு வந்திருக்கிறாள்.

"படி."

"அவ்ரில் பதினொண்ணு" என்று பிரெஞ்சில் இருந்த ஏப்ரலை அப்படியே படித்தார். அவர் சொல்லி வைத்திருந்தது எட்டு.

பார்வதி காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு, போகச் சொன்னாள். இனிமேல் அரிசி வெல்லம் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னாள்.

மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் அவர் போயிருந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார். நுவாயே பலகை மூன்று மிச்சமிருந்தது. ஒவ்வொன்றையும் வெயிலில் போட்டு, சாண் சாணாகத் தடவிப் பார்த்து, கறுப்பு ஓடிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தார். சூசைநாதன் வந்து இரண்டாவது மாந்தோலினுக்கும் ஏடு வாங்கிக்கொண்டு போனார்.

ஏப்ரல் மாதம் லட்சுமியின் புருஷன் மரவாடிக்கு வந்தான். பதினொன்றாம் தேதி மாமனாருக்குப் படையல், உங்களைக் கூப்பிடச் சொன்னார்கள் என்றான். லூர்துநாதனுக்குத் தனியாகப் போகக் கால் வரவில்லை. ஞானமேரியையும் அழைத்துக்கொண்டு போனார்.

இலையில் சோறும் வடையும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. எல்லாரும் கும்பிட்டு முடித்ததும் பார்வதி அவருக்கு ஒரு பாயைப் போட்டாள். மகளையும் மருமகனையும் எதிரில் உட்காரச் சொன்னாள்.

"இவளுக்கு அப்பன் மொகம் தெரியாது. அந்த மூணு நாளையும் சொல்லு. எதையும் விடாத, நீ தள்ளினதையும் சேத்துச் சொல்லு" என்றாள்.

லூர்துநாதன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று காலையில் காட்டில் பனிமூட்டமாக இருந்தது என்று தொடங்கினார்.