சந்தனம் வைத்த நட்டு

ஒரு சத்தம் மனிதனை எவ்வளவு களைக்க வைக்கும் என்று கார் ஓட்டாதவர்களிடம் சொன்னால் புரியாது. அப்போது நான் மலாய் நாட்டுத் தஞ்சோங் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். சீமைக்குத் திரும்பிய வேறொரு துரையிடமிருந்து அவர் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். மற்ற கார்களைப் பின்சக்கரம் தள்ளும். இதை முன்சக்கரம் இழுக்கும்.

கிளட்சை விட்டால் 'டக்'. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு 'டக்'. ஓடும்போது மட்டும் சமர்த்து. ஊர்க்கோடி ஆயர் ஈத்தாம் வரை போனாலும் வாயே திறக்காது, துரை ஏறி இறங்கும் வாசலில்தான் திறக்கும். ஐந்து வாரம் இதே கூத்து. தூங்கி எழுந்தாலும் தோள் வலி போகவில்லை.

சூலியா தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன்தான் அந்தக் காரைப் பார்த்து வந்தார். துரையின் கம்பெனிக் கார்கள் நான்கும் அவரிடம்தான் போகும். பட்டறை ஓடியதே அவற்றால்தான். சத்தம் என்றாலே பின்சக்கர அச்சைப் பார்த்துப் பழகிய கை அவருடையது. மூன்று முறை காரின் பின்பக்கத்தைப் பிரித்து மாட்டினார். "பின்னாலதாண்ணே கேக்குது" என்று அடித்துச் சொன்னவன் நான்தான்.

துரைக்குப் பொறுமை போயிற்று. சனிக்கிழமைக்குள் சத்தம் நிற்காவிட்டால் ஒரு காரும் அந்தப் பட்டறைக்குப் போகாது என்றார். அந்த ஆளுக்கு வேலை தெரியாதா என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாத ஓர் ஆட்டல். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். திருத்த எனக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை காலை அண்ணன் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"தம்பி, முன்னால ஒரு முழம் விடு. இப்ப பின்னால விடு. மெதுவா லா!"

இரண்டு முறை விட்டேன்.

"அட, இங்கதான்யா தட்டுது!"

சக்கரத்தின் மூடியைக் கழற்றினார். அச்சு நட்டின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். கலையாமல் அப்படியே இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் கழுவியவன் நான். மாட்டுவதற்குள் என் மனைவி ஸ்பேனர்களைச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பொட்டும் வைத்துவிட்டாள். பூஜையில் வைத்த ஆயுதத்தைப் பூஜை முடிந்து மறுநாள்தான் எடுக்கலாம். நட்டைக் கையாலேயே திருகி, அது கழலாமல் இருக்கக் குறுக்கே 'பின்' செருகி, அதற்கும் ஒரு பொட்டு வைத்து மூடினேன். அப்புறம் முறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் ஸ்பேனரை எடுக்கவேண்டிய அன்று விடிவதற்குள் துரை கூப்பிட்டுவிட்டார். மற்ற கார்களில் முன் நட்டுக்கு அவ்வளவு இறுக்கம் இருந்தாலே போதும். அதனால் மறந்தும் போனேன். இந்தக் காரிலோ இழுக்கிற அச்சைச் சக்கரத்தோடு பிடித்து வைப்பதே அந்த நட்டுதான்.

அண்ணன் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது நான் வச்ச பொட்டு இல்லையே, தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். வாசலில் துரையின் குரல் கேட்டது. அண்ணன் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து நட்டைத் துடைத்தார். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, முழுப் பலத்தையும் போட்டு முறுக்கினார். யார் இதைத் தளர்வாக விட்டது என்று துரை மலாயில் கேட்டார். அண்ணன் என் பக்கமே திரும்பவில்லை.

"தெரியாது, துவான்."

காரை ரிப்பேர் பார்ப்பவன் நீதானே, வேறு யார் என்றார் துரை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வேலை இழந்தவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அது. பயந்தேன். வாயைத் திறக்கவில்லை. சத்தம் நின்றும், திங்கட்கிழமை நான்கு கார்களும் வேறு பட்டறைக்குப் போயின. முதல் காரை ஓட்டிப் போனவன் நான்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். பட்டறையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"நட்ட முறுக்கிட்டியா, தம்பி?"

"முறுக்கிட்டேண்ணே."

"சரி" என்று பொரியை வாங்கித் தின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.