முழுங்கிப்போன ‘நல்லா’

எங்கள் பனியன் கம்பெனி கேன்டீனில் சுவரோரம் ஓர் இரும்பு பெஞ்சு உண்டு. அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வெகுநாளாயிற்று. அதைக் கடக்கும்போதெல்லாம், பெரியாஸ்பத்திரி மனநல டாக்டர் ஒருத்தர் அதில் காலை மடக்கி உட்கார்ந்து எங்களோடு டீ குடித்தது கண்ணுக்குள் வரும்.

பெரிய மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த வருடம் அது. விளக்கு வைத்தேன், விரதம் இருந்தேன், செக்கிங் டேபிளில் தைத்து வந்த பனியன் பீஸும் பார்த்தேன். சோறுதான் இறங்கவில்லை. நாமும் அவளோடு போய்விட்டால் என்ன என்ற நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அதை முருகனிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர் என்று ஊரே பேசியதால் அவருடைய ஆஸ்பத்திரிப் படியை மிதிக்க எங்களுக்குக் கூச்சம். அதனால் அவரே கம்பெனி கம்பெனியாக வந்து உட்கார்ந்தார்.

“நல்லா இருக்கறீங்களா அம்மணி?” என்றார் ஒருநாள்.

“இருக்கறனுங்க.”

டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நம்ம பக்கம் ‘நல்லா இல்லீங்க’ன்னு ஆரும் சொல்ல மாட்டாங்க. ‘நல்லா’வை மட்டும் முழுங்கிப் போடுவாங்க. எத்தனை நாளா முழுங்கறீங்க?”

மகள் போனபிறகு நான் முதன்முதலாக அழுதது அந்த பெஞ்சில்தான். என் கையிலிருந்த கோயில் கயிற்றைப் பார்த்து, “அது இருக்கட்டுங்க, மாத்திரையும் போடுங்க” என்றார்.

பிறகு தையல் லைனுக்கு ஒருத்தராக எங்களைக் கூட்டிவைத்து, அந்த விடுபட்ட சொல்லைக் காதில் வாங்கப் பழக்கினார். முதலாளி கிண்டலடித்தார்: “எல்லாரும் டாக்டராயிட்டா பீஸை ஆருங்க தைக்கறது?”

“நாலு பீஸ் கொறஞ்சாப் போவுதுங்க, ஓராள் கொறையக் கூடாதுங்க. மருந்தை நான் எழுதிக்கறேன். ஆனா ரூமுக்குள்ளயே உக்காந்திருந்தா ஆகாதுங்க. கேக்கத் தெரிஞ்ச ஆளுங்களை உண்டாக்கி முன்னால நிறுத்தறதுதான் இனி எங்க வேலை.”



அந்த டாக்டரை ஒருநாள் மாரடைப்பு கொண்டுபோயிற்று. அவர் இடத்துக்கு வந்தவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதில்லை. அவர் பழக்கிய ஆட்களும் வேறு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

இப்போது என் டேபிளில் வடக்கிலிருந்து வந்த பெண்ணொருத்தி பீஸ் பார்க்கிறாள். சில நாளாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே மூடிவைக்கிறாள். நேற்று, “நல்லா இருக்கறயா கண்ணு?” என்றேன்.

“டீக் ஹை” என்றாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தமாம். அவள் பாஷையில் எந்தச் சொல்லை முழுங்குவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் டாக்டர் இல்லை.

முருகா என்று பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். முந்தானையால் பெஞ்சைத் துடைத்து அவளை உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.