துரையைக் கொன்றவனைப் பார்த்தவர்கள்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த, வெள்ளைக்காரன் காலத்துக் கொலைப் படம். இன்று பண்டாரவளையில் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் அதைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

"எங்க தோட்டத்து ஆளுங்க படம் முழுக்க இருக்காங்க நானா."

"எங்கட ஆள் ஒருத்தன்தான் வாரான். அவனும் களவு நகை வாங்குறவன்," என்றார்.

சிரித்தேன். பக்கத்தில் சாமான் வாங்க நின்ற அக்கா சிரிக்கவில்லை. அந்தப் படத்தில் கொழுந்தெடுப்பவராக வந்தவர் அவர்.

"தோட்டத்து வெள்ளக்காரத் தொரைய வெட்டுனது பட்டப்பகல்ல, நாங்க கொழுந்தெடுக்கிற மலையில. அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறோம். கொலகாரனத் தேடி வந்த அந்த இன்ஸ்பெக்டரு எங்கள ஒரு வார்த்தை கேட்டாராங்க?"

கேட்கவில்லை. பங்களா, கிளப், அரசாங்க அலுவலகமான கச்சேரி என்று கடைசிவரை அலைந்தார்.

கேட்டிருந்தால் இடைவேளைக்கு முன்பே படம் முடிந்திருக்கும் என்று படம் எடுத்தவர்கள் பயந்திருப்பார்கள். வேறு நல்ல காரணம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அக்காவிடம் சொல்லிவிடுகிறேன்.